பிழையில்லாத கடிதத்தால் வந்த வினை

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மைத்துனர் அருள்நாயகம் அவர்களுக்கு,

இங்கு என் இல்லாள் மங்கையற்கரசியின் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். முழங்காலும் வெயில் காலம் முடியும்வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. அங்கு நீரும் தங்கச்சி புஸ்பராணியும் மாடுகளும் குறையில்லாமல் இருப்பதாக நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதுவதற்குக் காரணம், ஏழு கிழமையாக உம்மிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. வட்ஸ்அப்பில் நான் அனுப்பிய பதினான்கு செய்திகளுக்கும் இரண்டு நீலக் கோடுகள் விழுந்திருக்கின்றன, பதில்தான் விழவில்லை. தங்கச்சிக்கு அழைப்பு எடுத்தால், "அண்ணை, அடுப்பில பால் பொங்குது, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறாள். ஏழு கிழமையாகப் பால் பொங்கிக்கொண்டே இருக்கும் வீடு யாழ்ப்பாணத்தில் உம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

நீர் என்மேல் கோபத்தில் இருக்கிறீர் என்று விளங்குகிறது. உம்முடைய இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன். உங்கள் இருவருக்கும் கனடா விசா மறுக்கப்பட்டதற்கு நான் இவ்வளவு நாளும் விசா அதிகாரியைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் குற்றவாளி யாரென்று எனக்குத் தெரியவந்தது. அந்த ஆள் இப்போது வெக்ஸ்போர்ட்டில், ஏழாம் மாடியில், யன்னலோரம் இருந்து உமக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

கொஞ்சம் பொறுமையாக வாசியும். நான் எதையும் உதாரணத்தோடு சொல்லிப் பழகியவன் என்பது உமக்குத் தெரியும். முப்பத்துமூன்று வருடம் நான் ஆங்கிலம் படிப்பித்த வகுப்புக்கும் நீர் கணிதம் படிப்பித்த வகுப்புக்கும் இடையில் இருந்தது ஒரு தட்டிதான். அந்தத் தட்டியால் உம்முடைய பெருக்கல் என் பக்கம் வரும், என்னுடைய இறந்தகாலம் உம் பக்கம் போகும். "உங்கட வினைச்சொல்லாலதான் என்ர பெடியளுக்குக் கணக்குப் பிழைக்குது, மாஸ்ரர்" என்று நீர் ஓய்வறையில் சொல்லாத நாள் இல்லை. எங்கள் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதும்போது அடிக்கடி விடும் நாற்பத்தொரு பிழைகளை நான் ஒரு பட்டியலாக்கி வைத்திருந்தது நினைவிருக்கிறதா? தொண்ணூறுகளில் யுத்தத் தடையால் கடதாசி வராத காலத்தில் அதை அச்சடிக்க வழியில்லை என்று நான் முகம் வாடி இருந்தபோது, நீர் உம்முடைய பழைய கணிதப் பரீட்சைத் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து, "பின்பக்கம் வெறுமையாத்தானே கிடக்கு" என்று என் மேசையில் போட்டீர். அந்த வருடம் எங்கள் பிள்ளைகள் ஒரு பக்கத்தில் கேத்திரகணிதமும் மறுபக்கத்தில் 'டிஸ்கஸ் என்று எழுதினால் பின்னால் எபவுட் என்று ஒட்டாதே' என்பதும் படித்தார்கள். சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது பட்டியலைப் பாட்டாகப் பாடிக்கொண்டு போவார்கள். இருபத்தேழாவது பிழைக்கு மட்டும் மெட்டு சரிவராது. இப்போது இங்கே பேருந்தில் யாரோ ஒரு நரைத்த மனிதர் எழுந்து இடம் தந்துவிட்டு, "சேர், கசின் பிரதர் எண்டு எழுதக்கூடாது, என்ன?" என்று கேட்டுச் சிரிக்கிறபோது, ஒரு கணம் என் கையில் வெண்கட்டித் தூள் ஒட்டியிருப்பது போல இருக்கும்.

அப்படிப்பட்ட நான், மகள் துர்க்காவின் கல்யாணத்துக்கு உங்களை அழைக்க எழுதிய கடிதத்தில் பிழை விடுவேனா? நாலு நாள் நூலகத்தில் இருந்து எழுதினேன். மூன்று தடவை கிழித்தேன். நாலு பக்கம். முற்றுப்புள்ளிகூட அது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. இதயச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எனக்கு இனி நீண்ட தூரம் விமானத்தில் போக அனுமதி இல்லை என்பது உமக்குத் தெரியும். நான் அங்கு வர ஏலாது. தங்கச்சியை நான் பார்ப்பதென்றால் அவள்தான் இங்கு வரவேண்டும். பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று ஒன்பது வயதுப் பிள்ளை துர்க்காவுக்கு இரட்டைப் பின்னல் பின்னிவிட்டவள் அவள். பிள்ளைக்கு இருப்பது ஒரேயொரு மாமி. ஆகவே அந்தக் கடிதத்தை நான் கை நடுங்க நடுங்க, ஆனால் இலக்கணம் நடுங்காமல் எழுதினேன்.

மறுப்புக் கடிதத்தின் பிரதியை நீர் அனுப்பியபோது அதை மூன்று முறை வாசித்தேன். தங்கும் காலம் முடிந்ததும் நீங்கள் இருவரும் நாட்டைவிட்டுத் திரும்பிப் போவீர்கள் என்று தங்களுக்கு நம்பிக்கை ஏற்படவில்லை என எழுதியிருந்தார்கள். முதல் முறை துக்கத்தில் வாசித்தேன். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும், உண்மையைச் சொன்னால், ஆங்கிலப் பிழை தேடித்தான் வாசித்தேன். ஒன்றுகூட இல்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது. அன்றிலிருந்து முதியோர் சங்கத்தில், கோவிலில், பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்து வைத்திருந்த நிலையில்கூட அந்த அதிகாரியை நான் திட்டாத இடமில்லை.

போன ஞாயிறு துர்க்கா கல்யாண அழைப்பிதழ்களுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தவள், "அப்பா, நீங்க மாமியாக்களுக்கு எழுதின லெட்டரைக் காட்டுங்கோ பாப்பம்" என்றாள். நான் பெருமையோடு கோப்பை எடுத்துக் கொடுத்தேன். நான் எழுதும் கடிதம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அவள் வாசிக்க வாசிக்க முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. ஆங்கிலத்தின் அழகில் மயங்குகிறாள் என்று நான் நினைத்தேன்.

"அப்பா, அவை எப்ப திரும்பிப் போகினம் எண்டு எங்க எழுதியிருக்கிறீங்க?"

"எழுதேல்லை."

"வை நொட்?"

"வாற ஆக்களிட்டை எப்ப போறியள் எண்டு கேக்கிறதே, பிள்ளை? அது மரியாதையோ?"

"அப்பா! அவங்களுக்குத் தெரிய வேண்டியதே அது ஒண்டுதான்!"

பிறகு அவள் என்னுடைய இரண்டாம் பக்கத்தை உரத்து வாசித்தாள். அதில் நான் எழுதியிருந்ததைத் தமிழில் தருகிறேன். 'இந்த வீடு இனி அவர்களுடைய வீடு. அவர்கள் விரும்பும் காலம்வரை இங்கு இருக்கலாம். புறப்பாடு என்ற சொல் என் வாயிலிருந்து ஒருபோதும் வராது. அவர்களுடைய ஒரே மகன் அவுஸ்திரேலியாவில் இருப்பதால் அங்கே அவர்களைப் பார்க்க யாருமில்லை. என் ஒரே சகோதரியைக் கடைசிவரை வைத்துப் பார்ப்பது என் கடமை.'

"அப்பா, திஸ் இஸ் நொட் அன் இன்விற்றேஷன். இது தத்தெடுக்கிற பேப்பர்."

"அது ஒரு உபசாரத்துக்கு எழுதிறது, பிள்ளை."

"விசா ஒஃபிசருக்கு உபசாரமோ?"

குசினிக்குள் இருந்து மங்கையற்கரசியின் குரல் வந்தது. "நாலு பக்கம் எழுதினவருக்குப் போற திகதி ஒண்டை எழுத இடம் காணேல்லையாம்!"

இன்னும் கேளும். இந்த இடத்தில் நீர் கதிரையில் சாய்ந்து இருப்பது நல்லது. உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வசனம் எழுதவேண்டி வந்தது. உமக்குத் தெரியும், அது நாங்கள் சீதனமாகத் தந்த வீடு. எட்டு அறை, பதினெட்டுப் பரப்புத் தென்னங்காணி. நாங்கள் கொடுத்த வீட்டை நாங்களே பெரிய வீடு என்று எழுதினால் அழகா? ஆகவே 'அவர்கள் ஒரு சிறு குடிலில் எளிமையாக வாழ்கிறார்கள்' என்று எழுதினேன். உம்மைப் பற்றியும் எழுதினேன். 'என் மைத்துனர் கொஞ்சம் கணிதம் அறிந்தவர்' என்று. முப்பது வருடம் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்த மனிதரை! நம்முடைய ஆளை நாமே புகழ்ந்தால் கண்ணூறு படாதா என்று நினைத்தேன். எழுதியதைப் பிறர் கண்ணால் பார்த்தால், ஒரு குடிசையில் யாருமில்லாமல் தவிக்கும், கொஞ்சம் எண்ணத் தெரிந்த இரண்டு வயோதிபர்களை நான் கனடாவுக்குக் கொண்டுவந்து ஆயுள் முழுக்க வைத்திருக்கப் போகிறேன் என்றுதான் தோன்றும். ஆங்கிலம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் அதிகாரிக்கு ஒரு சந்தேகமும் வந்திருக்காது.

துர்க்கா அதோடு விடவில்லை. கோப்பின் மற்றப் பக்கங்களையும் புரட்டத் தொடங்கிவிட்டாள். இந்தக் கட்டடத்தில் நாலாம் மாடியில் இருக்கும் தம்பிமுத்து அண்ணைக்காகப் போன மாரிக் குளிரில் நான் எழுதிய கடிதம் அகப்பட்டது. அவருடைய வீட்டில் ஹீற்றர் வேலை செய்யவில்லை. கட்டட மனேஜருக்கு நான் எழுதியது இதுதான்: 'தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் நல்லாரோக்கியம் கிடைக்கப் பிரார்த்திக்கிறேன். தங்களுடைய பல பொறுப்புகளுக்கு நடுவில் இந்தச் சிறு விடயத்தால் தொந்தரவு தர மனம் வரவில்லை. எங்களிடம் கம்பளிகள் உண்டு. அவசரமே இல்லை.' மனேஜர் அதை நம்பி அவசரமே படவில்லை. தம்பிமுத்து அண்ணை மார்ச் மாதம்வரை குளிர் ஜக்கற்றோடும் தொப்பியோடும் படுத்தார். மனேஜர் அவரை லிஃப்ற்றில் காணும்போதெல்லாம், தன் வாழ்நாளில் இப்படி ஒரு அழகான கடிதம் வரவில்லை என்று கையைக் குலுக்கினாராம். "கையாவது கொஞ்சம் சூடாச்சுது, மாஸ்ரர்" என்று அண்ணை என்னிடம் சொன்னபோது அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது கோகுலன். அஜக்ஸில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவனின் மகன். ஒரு கம்பனி வேலைக்கு நற்சான்றுக் கடிதம் கேட்டு வந்தான். தங்கமான பிள்ளை. அதனாலேயே அளவோடு எழுதினேன். 'இவன் பெரிய கெட்டிக்காரன் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சொன்னதைக் கேட்பான்.' இரண்டு கிழமை கழித்து வந்து, "உங்கட இங்கிலீஸ் சுப்பராம் அங்கிள், ஆனா வேற ஆளை எடுத்திட்டினமாம்" என்றான். நானும் அந்தக் கம்பனிக்கு ஆளைத் தெரிவு செய்யத் தெரியவில்லை என்று அவனுக்கு ஆறுதல் சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

இந்த மூன்று கடிதங்களையும் துர்க்கா மேசையில் வரிசையாக வைத்தாள். பரீட்சைத் தாளை வைத்துக்கொண்டு மாணவனைக் கூப்பிட்டு நிற்கவைக்கும் ஆசிரியை மாதிரி இருந்தாள். நான் என் நாற்பத்தொரு பிழைகளில் ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒன்றும் இல்லை. மூன்று கடிதங்களுக்கும் நூற்றுக்கு நூறு கொடுத்திருப்பேன். வார்த்தையெல்லாம் ஆங்கிலம், உள்ளே இருந்து கதைத்தது மட்டும் யாழ்ப்பாணத்து மரியாதை. அதை எந்தப் பட்டியலிலும் நான் போடவில்லை, மச்சான். அதைப் பிழை என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவும் இல்லை.

அன்று பின்னேரம் முழுவதும் எனக்கு உம்முடைய தகப்பனாரின் நினைவாகவே இருந்தது. உமக்குத் தங்கச்சியைக் கேட்டு ஓய்வறையில் கதை தொடங்கியபோது, எங்கள் ஐயா உயிரோடு இல்லாதபடியால் உம் தகப்பனாருக்கு நான்தான் கடிதம் எழுதினேன். 'பிள்ளை சுமாராகச் சமைப்பாள். ஏதோ கொஞ்சம் படித்திருக்கிறாள். எங்களால் இயன்றதைச் செய்வோம்' என்று. உம் தகப்பனார் அதை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நல்ல இடம். கையோட பேசி முடிப்பம்" என்று சொன்னதாக நீர்தான் எனக்குச் சொன்னீர். சுமாராகச் சமைப்பாள் என்றால் என்ன பொருள் என்று அவருக்கு அகராதி தேவைப்படவில்லை. இயன்றதைச் செய்வோம் என்றால் எட்டு அறை வீடு என்று அவருக்கு விளங்கியது. எழுதுகிறவனும் வாசிக்கிறவனும் ஒருவரையொருவர் அப்படி அறிந்திருந்த ஒரு காலம் இருந்தது. குறைத்து எழுதினால் கூட்டி வாசிப்பார்கள். அந்த நம்பிக்கையில்தான் நான் இந்த ஊரிலும் குறைத்துக் குறைத்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். இங்கே எழுதியதை எழுதியபடியே வாசிக்கிறார்கள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. வகுப்பில் நான் அப்படித்தானே வாசிக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

எல்லாவற்றையும்விடக் கூடிய வெட்கம் என்னவென்றால், உம்மிடம் நான் அந்தக் கடிதத்தை ஒரு முறை காட்டியிருக்கலாம். கணிதம் படித்தவர், 'வந்த ஆட்களில் போகிற ஆட்களைக் கழித்தால் மிச்சம் பூச்சியம் வரவேண்டும்' என்று ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பீர். ஆங்கிலம் என்னுடைய பாடம் என்ற கர்வத்தில் நான் காட்டவில்லை. அதற்கு உம்மிடமும் தங்கச்சியிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இதில் உபசாரம் கலக்கவில்லை. எழுதியபடியே வாசித்துக்கொள்ளும்.

இத்துடன் துர்க்கா எழுதிய புதிய கடிதம் ஒன்றை வைத்திருக்கிறேன். அரைப் பக்கம்தான். கல்யாணம் செப்டெம்பர் பதினான்கு என்று இருக்கிறது. வருகிற நாள், போகிற நாள், உங்கள் வீடு, காணி, உம்முடைய ஓய்வூதியம் எல்லாம் கணக்காக இருக்கிறது. உங்களைப் பற்றி ஒரு அன்பான சொல்கூட இல்லை. அவளுக்கு மாப்பிள்ளையாக வரும் ராகுலனும் அதைப் பார்த்து, "பெர்ஃபெக்ற்" என்றான். எனக்கு மனம் வரவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாட்கள் குறைவு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இன்னும் ஒரு தடவை விண்ணப்பம் போட்டுப் பாரும். கல்யாணத்துக்கு வர முடியாவிட்டால் அதற்குப் பிறகாவது தங்கச்சி வரட்டும். எனக்கு எழுபத்தாறு வயது, அவளுக்கு அறுபத்தொன்பது. இனி நான் நாலு பக்கம் எழுதித் தள்ளிப்போட நேரம் இல்லை. தங்கச்சியை என் கண்ணால் ஒரு முறை பார்க்கவேண்டும். இதைவிட நேராக எழுத எனக்கு எந்த மொழியிலும் வராது.

ராகுலன் வீட்டார் ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியிருக்கிறார்கள். அங்கே உங்களுக்கென்று ஒரு அறை ஒழித்து வைத்திருப்பதாகச் சம்பந்தி சொன்னார். எத்தனை நாளுக்கு என்று நான் உடனே கேட்டேன். அவர் முகம் கறுத்துவிட்டது. இதையும் நான் இனித்தான் பழகவேண்டும்.

தங்கச்சிக்கு என் ஆசீர்வாதமும், உமக்கு என் அன்பும், உங்கள் வீட்டில் ஏழு கிழமையாகப் பொங்கும் அந்தப் பாலுக்கு என் வணக்கமும் உரித்தாகுக.

இப்படிக்கு,
உம்முடைய அன்பை மறுபடி எதிர்பார்க்கும் மைத்துனர்,
க. தியாகலிங்கம்
(ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்)

பின்குறிப்பு: மேலே உள்ள அத்தனையும் வீண். உறையை ஒட்டுமுன் முத்திரை தேடிக்கொண்டிருக்கும்போது தங்கச்சியின் அழைப்பு வந்தது.

"அண்ணை, விசா வந்திட்டுது. இந்த மாதம் இருபத்தொன்பதாம் திகதி பிளேன்."

என் வாயில் வரவேண்டிய கேள்வி வராமல் வேறு கேள்விதான் வந்தது. "ஆர் கடிதம் எழுதினது?"

"நான்தான்."

"நீயோ? இங்கிலீசிலயோ?"

"ஓம். ஆறு வசனம். வாசிக்கிறன், கேளுங்கோ."

வாசித்தாள். என் அண்ணா கனடாவில் இருக்கிறார். அவருடைய மகளுக்குக் கல்யாணம். நானும் கணவரும் ஆறு கிழமை நிற்போம். ஐப்பசியில் எங்கள் மாடு கன்று போடும், அதற்கு நான் இங்கே இருக்கவேண்டும். அண்ணா நல்லவர், ஆனால் கனக்கக் கதைப்பார். ஆறு கிழமைக்கு மேல் யாராலும் தாங்க முடியாது.

ஆறு வசனத்தில் ஐந்து பிழை. ஒன்றையும் நான் சொல்லவில்லை, மச்சான்.

"அப்ப ஏனடி ஏழு கிழமையா ரெண்டு பேரும் என்னோட கதைக்கேல்லை?" என்று கேட்டேன்.

"இவர் சொல்லத்தான் துடிச்சவர், அண்ணை. நான்தான் வாயைத் திறக்கவிடேல்லை. நாங்க திரும்ப விண்ணப்பிக்கிறது உங்களுக்குத் தெரிஞ்சா, உதவி எண்டு சொல்லி இன்னொரு கடிதம் எழுதியிருப்பியள்."

ஆக, நீர் கோபத்தில் இருக்கவில்லை. பயத்தில் இருந்திருக்கிறீர். இந்தக் கடிதத்தைக் கிழிக்க மனம் வராததால் தபாலில் போடுகிறேன். இது உங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது நீங்கள் இங்கே இருப்பீர்கள்.

தங்கச்சி எழுதியதன் படத்தைத் துர்க்கா வாங்கி அச்செடுத்துத் தந்திருக்கிறாள். ஐந்து பிழையோடும் என் முன்னால் மேசையில் கிடக்கிறது. மங்கையற்கரசி வீட்டில் இருந்த பேனைகள் எல்லாவற்றையும் எடுத்து ஒளித்துவிட்டாள். இந்தக் கடைசி வரியைப் பென்சிலால் எழுதுகிறேன்.